டிக்கியில் சில்லு இல்லாத கார்: ரன்பிளாட் ரயரும் வன்னி வீதிகளும்

கார் வாங்கப் போனால் பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறோம், ஓடிய கிலோமீற்றரைப் பார்க்கிறோம், ஏசி குளிர்கிறதா என்று கையை வைத்துப் பார்க்கிறோம். டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. தூக்கினால், யப்பானிலிருந்து வந்த பல கார்களில் அங்கே ஸ்பெயர் சில்லு இருக்காது. காற்றடிக்கும் சின்ன மெசின் ஒன்றும் ஒரு போத்தலும் இருக்கும். சில கார்களில் அதுவும் இருக்காது.

இதைக் கண்டதும் "அப்ப இது காத்துப் போனாலும் ஓடுற ரயராக்கும்" என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது சரியாகவும் இருக்கலாம், முழுப் பிழையாகவும் இருக்கலாம். ஏனென்றால் ஸ்பெயர் இல்லாத கார்களில் இரண்டு வகை இருக்கிறது. காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்பிளாட் ரயர் பூட்டி வந்த கார் ஒரு வகை. சாதாரண ரயரைப் பூட்டி, ஸ்பெயருக்குப் பதில் அடைப்பு மருந்துப் போத்தலை வைத்து அனுப்பிய கார் மற்ற வகை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நாம் தினமும் காணும் யப்பான் வகன்ஆர், வெசெல், நிசான் லீஃப் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. பிஎம்டபிள்யூ, மினி, சில பென்ஸ் கார்கள் முதல் வகை. இரண்டாவது வகைக் காரை முதல் வகை என்று நம்பி ஓட்டிக்கொண்டே போனால், ஒரு ஆணியோடு முடிய வேண்டிய செலவு ரயரையும் றிம்மையும் சேர்த்து வாங்கும் செலவாகிவிடும்.

எது எது என்று கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. ரயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பதைப் படித்தால் போதும். பிரிட்ஜ்ஸ்டோன் ரயரில் "ஆர்எஃப்டி" என்றும், கொன்டினென்டலில் "எஸ்எஸ்ஆர்" என்றும், மிஷ்லனில் "இசட்பி" என்றும், குட்இயர், டன்லொப் ரயர்களில் "ஆர்ஓஎஃப்" என்றும் ஆங்கில எழுத்துகளில் அச்சாகியிருக்கும். அளவு எழுதும் இடத்திலேயே, 225/45 ஆர் 17 என்று வர வேண்டியது 225/45 ஆர்எஃப் 17 என்று வந்திருந்தாலும் அது ரன்பிளாட்தான். நாலு ரயரையும் பாருங்கள். முதல் சொந்தக்காரர் விலைக்குப் பயந்து இரண்டை மட்டும் சாதாரண ரயராக மாற்றிவிட்டு விற்றிருப்பார். அதை யாரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

காற்று இல்லாமல் எப்படி ஓடுகிறது?

காரின் பாரத்தைத் தாங்குவது ரயருக்குள் அடைபட்டிருக்கும் காற்று. நெல் இருக்கும்வரை சாக்கு நிமிர்ந்து நிற்கும், நெல்லைக் கொட்டினால் மடிந்து விழும். சாதாரண ரயரின் பக்கச்சுவர் அந்தச் சாக்கு மாதிரி. காற்றுப் போனதும் அது இரண்டாக மடிகிறது, மேலேயிருந்து றிம்மின் விளிம்பு அதை நசுக்கி அறுக்கிறது. சில நூறு மீற்றர் ஓடினாலே உட்பக்கம் கந்தலாகிவிடும். ரன்பிளாட் ரயரின் பக்கச்சுவர் பனையோலைக் கடகம் மாதிரி: உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் தன் வடிவத்தில் நிற்கும்.

அப்படி நிற்க வைப்பது பக்கச்சுவரின் உட்புறத்தில் பிறை வடிவில் வைத்திருக்கும் தடித்த, சூடு தாங்கும் ரப்பர். காற்றுப் போன பிறகு பாரம் முழுவதும் அந்தப் பிறையின் மேல் வந்து இறங்கும். வேறொரு முறையும் இருக்கிறது: றிம்மைச் சுற்றி உள்ளே ஒரு கட்டியான வளையம் வைத்து, காற்றுப் போனதும் ரயர் அதன்மேல் அமரும்படி செய்வது. குண்டு துளைக்காத வாகனங்களிலும் இராணுவ வாகனங்களிலும் இது அதிகம். நாம் வாங்கும் காரில் காண்பது அரிது. உட்புறம் பசை பூசி, ஆணி குத்தினால் தானாக அடைத்துக்கொள்ளும் ரயர்களும் விற்பனையில் உண்டு. அவற்றை ரன்பிளாட் என்று கணக்கெடுக்காதீர்கள். அவை ஓட்டையை அடைக்கும், ஆனால் காற்று முழுக்கப் போய்விட்டால் அவையும் வெறும் சாக்குதான்.

சாதாரணமாக விற்கும் கார்களில் இந்த யோசனை வந்து முப்பது வருடம் ஆகிறது. 1994 இல் அமெரிக்காவின் கோர்வெட் காருக்கு குட்இயர் ரன்பிளாட் ரயரை விரும்பினால் வாங்கலாம் என்று கொடுத்தார்கள். 1997 இல் வந்த புதிய கோர்வெட்டில் ஸ்பெயர் சில்லையே விட்டுவிட்டார்கள். 2000 களில் பிஎம்டபிள்யூ இதைத் தன் கார்களில் பரவலாகப் பூட்டத் தொடங்கியது. காரணம் எளிது. ஸ்பெயர் சில்லும் ஜக்கும் சேர்ந்தால் 15, 20 கிலோ வரும். பாரம் குறைந்தால் எண்ணெய் மிச்சம், டிக்கியில் இடம் மிச்சம், கொம்பனிக்குச் செலவும் மிச்சம். ஹைபிரிட் கார்களில் பற்றரிக்கு இடம் தேட வேண்டியும் இருந்தது.

80 என்ற எண்

ரன்பிளாட் ரயருக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: காற்று முழுக்கப் போன பின் 80 கிலோமீற்றர் தூரம் ஓடலாம், வேகம் மணிக்கு 80 ஐத் தாண்டக் கூடாது. எல்லை போடுவது சூடு. காற்றில்லாத பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது, நசுங்க நசுங்கச் சூடேறுகிறது, ஒரு கட்டத்தில் ரப்பர் இளகிப் பிரிகிறது. வேகம் கூடினால் சூடு கூடும். பாரம் கூடினாலும் கூடும். குடும்பத்தோடு ஐந்து பேர், டிக்கி நிறைய அரிசியும் தேங்காயும் என்றால் 80 ஐ மறந்துவிடுங்கள். சில கார்களின் கைநூலிலேயே நிறைந்த பாரத்துக்கு 50 கிலோமீற்றர் என்றுதான் போட்டிருக்கிறது. ஆவணி மாதத்துப் பகல் வெயிலில் காபற் வீதி காயும் காய்ச்சலும் உங்கள் பக்கம் நிற்காது. நான் என்றால் 50 ஐயே எல்லையாகவும், 60 ஐயே வேகமாகவும் வைத்துக்கொள்வேன்.

இப்போது இந்தக் கணக்கை நம்முடைய வரைபடத்தில் வைத்துப் பார்ப்போம். ஏ9 இல் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி 80 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். இடையில் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று ஊர்கள் இருக்கின்றன. எந்த இடத்தில் காற்றுப் போனாலும் இருபது முப்பது கிலோமீற்றருக்குள் ஒரு ரயர் கடை வந்துவிடும். தூரத்தைப் பொறுத்தவரை ரன்பிளாட் தன் வாக்கைக் காப்பாற்றுகிறது. பிரச்சினை போய்ச் சேர்ந்த பிறகு தொடங்குகிறது. சந்தி ரயர் கடையில் பேச்சு இப்படித்தான் போகும்:

"ஸ்பெயரை எடுங்கோ அண்ணை, பூட்டி விடுறன்."

"ஸ்பெயர் இல்லைத் தம்பி. இது காத்து இல்லாமலும் ஓடுற ரயர்."

"அப்ப ஏன் அண்ணை இங்க நிக்கிறியள்?"

தம்பியின் கேள்வி நியாயமானது. அந்தக் கடையில் மோட்டார் சைக்கிள் ரயர் இருக்கும், ஓட்டோ ரயர் இருக்கும், உழவு இயந்திரத்தின் பெரிய ரயரை ஒட்டும் வசதி இருக்கும், ஹையேஸ் வானுக்கும் லொறிக்கும் பொருந்துவது இருக்கும். 18 அங்குல றிம்முக்குப் பட்டை மெல்லிய ரன்பிளாட் ரயரை அவர் ஏன் வாங்கி அடுக்கி வைக்கப் போகிறார்? வருடத்தில் ஒருவர்கூட அதைக் கேட்டு வரமாட்டார். ஆகவே 80 கிலோமீற்றர் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு கதிரையில். ரயர் அதன் பிறகு வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வர வேண்டும். அங்கும் இல்லையென்றால் கொழும்பில் சொல்லி, இரவு பஸ்ஸில் ஏற்றி எடுக்க வேண்டும். அந்த 80 ஐ எழுதியவர்கள், அதன் முடிவில் அந்த அளவு ரயர் வைத்திருக்கும் கடை ஒன்று திறந்திருக்கும் என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டார்கள். வன்னியில் கவனிக்க வேண்டியது அந்தச் சொல்லாத பாதியைத்தான்.

ஏ9 ஐ விட்டு இறங்கினால் கதை இன்னும் மாறும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு 50 கிலோமீற்றர்தான். ஆனால் இடையில் காடு, மாலை மங்கினால் யானை. புளியங்குளம் நெடுங்கேணி வீதியும் அப்படித்தான். மல்லாவி, துணுக்காய் தாண்டி வெள்ளாங்குளம் பக்கம் போகிறவர்களும், மன்னாரிலிருந்து பூநகரிக்கு ஏ32 இல் வருகிறவர்களும் கடைகள் இல்லாத நீண்ட வெளிகளைக் கடக்கிறார்கள். இந்த இடங்களில் ரன்பிளாட் உண்மையிலேயே நன்மை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்: இருட்டில் இறங்கி, டோர்ச் பிடித்து, ஜக் அடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, மெதுவாக ஊர் இருக்கும் இடம்வரை போய்விடலாம். பெண் பிள்ளைகளோடோ வயதானவர்களோடோ போகும்போது இது சிறிய விஷயமில்லை.

ஆனால் குளக்கட்டு வீதி, கிறவல் வீதி என்று போனால் அந்த நன்மையும் தேய்கிறது. காற்றில்லாத ரன்பிளாட்டில் றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் மிச்சம் இருப்பது அந்தப் பிறை ரப்பர் மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருக்கும்; ஒரு குத்தில் அலோய் றிம் வளையும் அல்லது வெடிக்கும். காற்று நிறைய இருக்கும்போதே ரன்பிளாட் சாதாரண ரயரைவிடக் கடினமாகத்தான் ஓடும், பள்ளத்தின் அதிர்ச்சியை அப்படியே மேலே அனுப்பும். காபற் வீதியில் அவ்வளவாகத் தெரியாது. ஊருக்குள் இறங்கியதும் முதுகு சொல்லும்.

விளக்கு எரிந்தால்

ரன்பிளாட் ரயரில் காற்றுப் போனதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம், அது சப்பையாகாது. ஸ்டியரிங்கிலும் பெரிதாகத் தெரியாது. ஆகவே காற்றழுத்தத்தைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு இல்லாத காரில் ரன்பிளாட் பூட்டக் கூடாது. டாஷ்போட்டில் குதிரை லாடம் மாதிரி ஒரு வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டது அந்த விளக்கு. அமெரிக்காவில் 2007 இலிருந்து புதிய கார்களிலும், ஐரோப்பாவில் 2014 இலிருந்து விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் இந்த வசதி கட்டாயம்.

விளக்கு இரண்டு விதமாக வேலை செய்கிறது. சில கார்களில் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் வல்வோடு சேர்த்து ஒரு சென்சர் இருந்து அழுத்தத்தை நேரடியாக அனுப்பும். வேறு சில கார்களில் சென்சர் கிடையாது. காற்றுக் குறைந்த ரயர் கொஞ்சம் சிறுத்து, மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும், அதை ஏபிஎஸ் பிறேக்கின் கருவிகள் கண்டுபிடித்துச் சொல்லும். இந்த இரண்டாவது வகைக்குக் காற்றடித்த பிறகு காரின் மெனுவில் போய் "இதுதான் சரியான அளவு" என்று புதிதாகப் பதிய வைக்க வேண்டும். பதியாவிட்டால் விளக்கு வீணாக எரியும், இல்லையென்றால் எரிய வேண்டிய நேரம் எரியாது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லா வாகனமும் நிற்கிறதுதானே. கச்சான் வாங்குகிற நேரத்தில் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ரயர்களில் ஆணி, முள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது எந்தச் சென்சருக்கும் குறைந்ததில்லை.

விளக்கு எரிந்ததும் "எப்படியும் 80 ஓடும்" என்று மிதிக்காதீர்கள். பெரும்பாலான ஆணி ஓட்டைகளில் காற்று மெதுவாகத்தான் போகும். டிக்கியில் 12 வோல்ற்றில் ஓடும் சின்னக் கொம்பிரசர் இருந்தால், நின்று காற்றடித்துக்கொண்டு, கொஞ்ச தூரம் ஓடி, மறுபடி அடித்து, ரயரை வெறுமையாக விடாமலே கடைவரை போகலாம். வெறுமையாக ஓடாத ரயரைக் கடையில் ஒட்ட முடியும். வெறுமையாக ஓடியதை ஒட்டுவது சந்தேகம்: உட்சுவர் வெந்திருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது, றிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். கறுப்புத் தூளோ, சுற்றிவரச் சுருக்கமோ தெரிந்தால் அந்த ரயர் முடிந்தது. பல கொம்பனிகள் காற்றில்லாமல் ஓடிய ரன்பிளாட்டை ஒட்டவே வேண்டாம் என்கின்றன. ஆகவே காற்றில்லாமல் ஓடும் திறமையைக் கடைசிக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கொம்பிரசர்.

கழற்றுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தத் தடித்த பக்கச்சுவரைக் கம்பி போட்டு நெம்பிக் கழற்ற நினைத்தால் விளிம்பு கிழியும், உள்ளே சென்சர் இருந்தால் உடையும். உதவிக் கை உள்ள மெசின் வேண்டும். வேலையைக் கொடுப்பதற்கு முன் "தம்பி, இது ரன்பிளாட், உள்ளுக்குச் சென்சர் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள்.

போத்தலை நம்பலாமா?

ரன்பிளாட் இல்லாத, ஸ்பெயரும் இல்லாத கார்தான் நம்மில் பலரிடம் இருப்பது. அதன் காவல் அந்தப் போத்தல். உள்ளே இருப்பது பால்போன்ற ரப்பர் கரைசல். வல்வு வழியாக ஏற்றி, காற்றடித்து, உடனே சில கிலோமீற்றர் ஓட்டினால் அது உள்ளே பரவி ஓட்டையில் போய் இறுகும். பிறகு நின்று அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். குறையாமல் இருந்தால் 80 ஐத் தாண்டாமல் கடைக்குப் போகலாம். ஆணியைப் பிடுங்காமல் மருந்தை ஏற்ற வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை; ஆணியும் அடைப்பின் ஒரு பகுதிதான்.

இது அடைப்பது ரயரின் ஓடும் பகுதியில் உள்ள சின்ன ஓட்டைகளை மட்டும், ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் வரை. பக்கச்சுவரில் கிழிந்தால் போத்தலால் ஒன்றும் ஆகாது. கிறவல் வீதியில் கூர்க்கல்லும், வெட்டிப் போட்ட கட்டையும் கிழிப்பது பெரும்பாலும் பக்கச்சுவரைத்தான்.

இன்னொன்று, போத்தலுக்கு ஆயுள் உண்டு, பொதுவாக நாலைந்து வருடம். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 தொடக்கத்தில். ஆகவே அந்த இடைவெளிக்கு முன் வந்த கார் உங்களுடையது என்றால், அதோடு வந்த போத்தல் காலாவதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். பாவித்த காராக வந்திருந்தால் யப்பானில் நின்ற வருடங்களும் அந்தக் கணக்கில் சேரும். இப்போதே எடுத்துப் பாருங்கள். எழுத்தெல்லாம் யப்பானிய மொழியில் இருந்தாலும் ஒட்டியிருக்கும் சிறிய துண்டில் ஆண்டும் மாதமும் எண்ணில் இருக்கும். குலுக்கினால் தண்ணீர் மாதிரி ஆடாமல் கட்டியாகக் கிடந்தால் எறிந்துவிட வேண்டியதுதான். அதோடு வந்த கொம்பிரசரை மட்டும் எறியாதீர்கள்.

போத்தலைவிட எனக்கு நம்பிக்கை ரியூப்லெஸ் ஒட்டும் கிட்டில்தான். ஆணியைக் குறட்டால் பிடுங்கி, அரம்போன்ற ஊசியால் ஓட்டையைத் துப்புரவாக்கி, பிசின் பூசிய தடித்த நூலைக் குத்தி இறக்கி, ஊசியை உருவி, வெளியே நீட்டியதை வெட்டிவிடுவது. சில்லைக் கழற்றவே தேவையில்லை. எச்சிலைத் தொட்டு வைத்தால் குமிழி வருகிறதா என்று தெரியும். முதல் தடவை நடு வீதியில் பழகாமல், ரயர் கடையில் அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டவும் முடியாமல், அடைக்கவும் முடியாமல் நின்றுவிட்டால், ஊரில் உடனே கிடைக்கும் உதவி உழவு இயந்திரமும் கயிறும். பழைய கார்களுக்கு அது சரி. ஹைபிரிட் காரையும் லீஃபையும் முன்சில்லு நிலத்தில் உருள இழுக்கக் கூடாது, மோட்டார் பழுதாகும். தட்டு லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். காத்திருக்கும்போது வீதியோரத்தில் சிவப்புக் கண்ணிவெடிப் பலகை கண்டால் நிழல் தேடிக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை.

ஸ்பெயர் ஒன்று வாங்கி வைக்கலாமா?

ஒட்டுசுட்டான், மல்லாவிப் பக்கம் அடிக்கடி போகிறவர் என்றால் தயங்காமல் வாங்குங்கள். பாவித்த உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் மெல்லிய தற்காலிகச் சில்லுகள் கிடைக்கும். உங்கள் காரின் நட்டுத் துளைகள் நாலா ஐந்தா, அவற்றுக்கிடையிலான அகலம் சரியா, நடுத்துளை பொருந்துகிறதா, பிறேக்கில் முட்டாமல் சுற்றுகிறதா என்று கடை வாசலிலேயே ஒரு தடவை பூட்டிப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் பூட்டிப் பாருங்கள். பல கார்களில் முன் பிறேக் பெரிது. ஜக்கும் சில்லு கழற்றும் ஸ்பானரும் அந்தக் காரோடு வந்திருக்காது, அவற்றையும் சேர்த்து வாங்க வேண்டும். டிக்கிப் பள்ளத்துக்குள் அடங்காவிட்டால் மேலே வைத்துப் பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். சும்மா கிடந்தால் சடுதியாக பிறேக் பிடிக்கும்போது அது முன்னுக்கு வரும்.

ரன்பிளாட்டைத் தூக்கிவிட்டுச் சாதாரண ரயர் போடலாமா என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான்: போடலாம், நாலையும் ஒன்றாக மாற்றுங்கள், ஒரே அச்சில் இரண்டு வகையைக் கலக்காதீர்கள், மாற்றுகிற அன்றே ஸ்பெயரையும் கொம்பிரசரையும் டிக்கியில் வையுங்கள். வன்னிக்குள்ளேயே ஓடும் காருக்கு இது நல்ல மாற்றம். ரயர் மலிவு, எந்தக் கடையிலும் ஒட்டலாம், பள்ளத்திலும் மென்மை. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் காபற் வீதியிலேயே ஓடுகிறவர் ரன்பிளாட்டோடு இருக்கலாம்.

அந்த மெல்லிய தற்காலிகச் சில்லுக்குக் காற்று 60 பிஎஸ்ஐ. அதன் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். மற்ற நாலு ரயருக்கும் அடிக்கிற 32 ஐயே பழக்கத்தில் இதற்கும் அடித்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று 60 என்று சொல்லுங்கள். டிக்கியில் கிடந்தாலும் காற்று இறங்கும், ஆகவே சேர்விசுக்கு விடும் ஒவ்வொரு தடவையும் அதையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.